காற்றுக்குத் திறந்த சுவர்

கும்மிடிப்பூண்டி
4.2.2024

அன்புத் தம்பி எட்வர்டுக்கு,

மரியே வாழ்க. அக்கா ஹெலன் எழுதுவது. நானும் உன் மாமாவும் ஏஞ்சலினும் ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். புனேயில் குளிர் விட்டதா? கேன்டீன் சோறு இன்னும் வயிற்றைக் கெடுக்கிறதா?

என்னடா இது, அக்கா திடீரென்று காகிதத்தில் எழுதுகிறாளே என்று பார்க்காதே. போனில் எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. நீயும் காகிதத்தில்தான் பதில் எழுத வேண்டும், சொல்லிவிட்டேன்.

இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. பொய் சொல்லக்கூடாது, நீ வரைந்த வீடு குளுமைதான். நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டிய சுவர் வெயிலை உள்ளே விடுவதில்லை. எங்களுடையது மூன்றாம் மாடி, தலைக்கு மேலே மொட்டைமாடி. ஆனாலும் நீ பதித்த வெள்ளை ஓட்டின் புண்ணியத்தில் மத்தியானம் பாய் விரித்துப் படுக்க முடிகிறது. எதிர்வீட்டுக் கன்னியம்மா பழவேற்காட்டுக்காரி, வாய் துடுக்கு. "உன் தம்பி மண்டைல மூள கீது அக்கா" என்றாள். சர்டிபிகேட் கொடுத்துவிட்டாள், வைத்துக்கொள்.

ஒரே ஒரு குறை. கூடத்தின் கிழக்குச் சுவர் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக விட்டிருக்கிறாயே, அதை மூட ஒரு கதவு வைக்க மறந்துவிட்டாயா? ராத்திரியில் அது வழியாகக் கரி வருகிறது. காலையில் எழுந்தால் தரையில் கறுப்பு, தட்டில் கறுப்பு. நேற்று இட்லி மாவுக்கு மேல் மிளகுத்தூள் தூவின மாதிரி இருந்தது. மேலாக வழித்துப் போட்டுவிட்டு ஊற்றினேன். தின்று முடித்த பிறகு மூன்று பேருக்கும் குமட்டியது.

ஏஞ்சலினுக்கு ஆறு வயதில் நின்றுபோன வீசிங் மறுபடி வந்திருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடி தூங்குகிறது. சீக்கிரம் அந்தச் சுவருக்கு ஒரு கதவு போடச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர் குடி.

உன் அக்கா,
ஹெலன்


புனே
27.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. நான் நலம். உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. ஏஞ்சலினுக்கு இப்போது எப்படி இருக்கிறது? மாமாவுக்குக் காட்டுப்பள்ளியில் எந்த ஷிப்டு? கப்பல் பட்டறைக்கு அங்கிருந்து பஸ் சரியாகக் கிடைக்கிறதா?

கதவு வைக்க மறக்கவில்லை அக்கா. வேண்டுமென்றே விட்டேன். அந்தச் சுவர்தான் வீட்டின் மூச்சு. சாயங்காலம் கடல்காற்று அதில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, மாடிப்படிக் கூண்டு வழியாக மேலே போகும். அதனால்தான் ஏசிக்குப் பாயின்டே வைக்கவில்லை. கதவு இருந்தால் ஜனங்கள் சாத்துவார்கள். சாத்தினால் புழுங்கும். புழுங்கினால் ஏசி வாங்குவார்கள். அப்புறம் சாம்பல் கல்லில் கட்டி, சிமெண்டைக் குறைத்து, இத்தனை பாடுபட்டது எதற்கு? ஏழைப்பட்டவர்கள் கட்டணம் இல்லாமல் குளிர்ச்சியாக இருக்க முடியும் என்று காட்டத்தானே?

கவரைப்பேட்டையில் நாம் ஓலைக்குக் கீழே படுத்துக் கிடந்தபோது கிழக்குக் காற்று வந்ததை நினைத்துத்தான் அந்தச் சுவரை வரைந்தேன். நான் எத்தனை பேரிடம் சொல்லி உனக்கு அந்த வீட்டை வாங்கிக் கொடுத்தேன் தெரியுமா? அக்காவை என் வீட்டில் உட்காரவைத்துவிட்டேன் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கரி கொஞ்ச நாளில் நின்றுவிடும். பக்கத்தில் ரோடு வேலை நடக்கிறதோ என்னவோ. ஏஞ்சலினுக்கு என் முத்தம்.

அன்புத் தம்பி,
எட்வர்ட்


கும்மிடிப்பூண்டி
10.3.2024

அன்புத் தம்பி எட்வர்டுக்கு,

மரியே வாழ்க. நாங்கள் இருக்கிறோம். நீ சௌக்கியமா?

ரோடு வேலை எதுவும் நடக்கவில்லை. உன் மருமகள் பள்ளிக்கூடத்துக் காந்தத்தை எடுத்து ஓட்டைச் சுவரின் விளிம்பில் ஓட்டினாள். காந்தத்துக்குத் தாடி முளைத்துவிட்டது. "மாமா ஊட்டுக் காத்துல இரும்பு கீது" என்று வீடு வீடாகக் காட்டப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரும்பைத்தானே பிள்ளை ராத்திரி முழுக்க உள்ளே இழுக்கிறது.

ஒரு காரியம் செய்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. திறப்பு விழாவுக்கு வைத்த ஃப்ளெக்ஸ் பேனர் மாடிப்படிக்குக் கீழே சுருண்டு கிடந்தது. மந்திரி படம் ஒரு பக்கம், கம்பெனி முதலாளி படம் ஒரு பக்கம், மூலையில் கோட் போட்டுக்கொண்டு நீ. உன் மூலையை மட்டும் வெட்டிக்கொண்டு வந்து ஓட்டைச் சுவர் மேல் கட்டிவிட்டேன். அளவு எடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது. உன் முகம் வெளிப்பக்கம். இப்போதைக்குக் கரியை நீ வாங்கிக்கொள்.

ஆனால் கட்டினால் அடுப்பாக இருக்கிறது, அவிழ்த்தால் கரி. பாவம், பிள்ளைக்கு இரண்டில் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறேன். ஒரு மரக்கதவு போதும் எட்வர்டு. காற்று நல்லதாக இருக்கும்போது திறந்துகொள்வோம். நாங்கள் என்ன புத்தி கெட்டவர்களா?

சாப்பாட்டில் மோர் சேர்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹெலன்


கும்மிடிப்பூண்டி
7.4.2024

அன்புத் தம்பிக்கு,

பதில் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உனக்குப் புரியவைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ரவிக்கைத் துணியில் மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளைக் கைக்குட்டையாக ஓரம் அடித்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் ஒரு கைக்குட்டையால் அந்தச் சுவரைத் துடைத்தேன். இத்துடன் மூன்று வைத்திருக்கிறேன். வாசனை பார். துருப்பிடித்த ஆணியை வாயில் வைத்த மாதிரி இருக்கும்.

மேலே நீ பதித்த வெள்ளை ஓடும் கறுத்துவிட்டது. வெள்ளையாக இருந்தவரை வெயிலைத் திருப்பி அனுப்பியது, இப்போது நன்றாக வாங்கி எங்களுக்குக் கீழே இறக்குகிறது. கழுவலாம் என்றால் கட்டட மேனேஜர் அன்புசெல்வன் மொட்டைமாடிக்குத் தண்ணீர் விடமாட்டேன் என்கிறார். தண்ணீரை மிச்சம் பிடிக்கிற கட்டடமாம். தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை நான் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டைப் பார்த்தால் எனக்கே சீ என்று வருகிறது.

பதில் போடு. கைக்குட்டைகளை முகர்ந்துவிட்டுப் போடு.

உன் அக்கா,
ஹெலன்


புனே
2.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. நலம். நலமறிய ஆவல். வேலை தலைக்கு மேல் இருந்ததால் எழுத முடியவில்லை.

கைக்குட்டைகளைப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். ஊர் வரைபடத்தை விரித்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்துவிட்டது. நம் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு இரும்பு ஆலை இருக்கிறது. புகையை வடிகட்டுகிற ஃபில்டரை ராத்திரியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் கணக்கு. அந்த மோட்டார் இழுக்கிற கரண்டை மிச்சம் பிடிக்கிறார்கள். காற்று வரும் திசையையும் வேகத்தையும் பார்த்து வரைந்தேன். அதில் எவன் எதைக் கலப்பான் என்று நான் பார்க்க வேண்டுமா?

எனக்குப் புரியாதது உங்களைத்தான். அத்தனை குடும்பம் இருக்கிறீர்கள். ஒருத்தர்கூட அந்த ஆலை மேல் புகார் கொடுக்கவில்லை. கட்டின பாவத்துக்கு எல்லாரும் கட்டடத்தைத் திட்டுகிறீர்கள். திருடனை விட்டுவிட்டு வாசல் வைத்தவனைப் பிடித்துக்கொள்வது என்ன நியாயம் அக்கா? மாமாவை விட்டு நாலு பேரிடம் கையெழுத்து வாங்கச் சொல். காட்டுப்பள்ளிக்குப் போகிறவருக்கு இந்த ஆலைக்காரனிடம் என்ன பயம்?

என் முகத்தை ஓட்டையில் கட்டியதாக எழுதியிருந்தாய். சிரிக்கத்தான் முயற்சி செய்தேன்.

எட்வர்ட்


கும்மிடிப்பூண்டி
19.5.2024

எட்வர்டுக்கு,

மரியே வாழ்க. உடம்பு தேவலாம். எனக்கு மனசுதான் சரியில்லை.

போன ஞாயிறு ஏஞ்சலினுக்குப் புதுநன்மை, கோவிலில் முதல் முதலாக நன்மை அப்பம் வாங்கினாள். நீ அனுப்பிய ஜெபமாலை வந்தது, நன்றி. அதற்கு நான் தைத்த கவுனைப் பற்றிச் சொல்கிறேன், கேள். வெள்ளை சாட்டின், மேலே வெள்ளை நெட், கழுத்தில் முத்து. இரண்டு மாதம் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாக இஸ்திரி போட்டேன். சூட்டோடு பைக்குள் வைத்தால் சாட்டின் சுருங்கும் என்று கூடத்தில் மாட்டினேன். பேனரைக் கட்டினேன், அதன் மேல் ஒரு போர்வையும் கட்டினேன். இன்னொன்றும் செய்தேன். அன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் கரி வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியும் வைத்தேன். நடக்கவில்லை.

விடிகாலையில் பிள்ளைதான் முதலில் எழுந்தது. என்னை எழுப்பவில்லை. நான் பார்க்கும்போது கவுனுக்கு முன்னால் நின்று கையால் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டத் தட்டக் கரி நெட்டுக்குள் இறங்கிவிட்டது. தோள் இரண்டும் கறுப்பு, மடிப்புகள் கறுப்பு. ஈரத்துணி பட்டதும் சாம்பல் நிறமாக ஓடியது. அதையே போட்டுக்கொண்டு போனாள். கோவிலில் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்த பிள்ளைகளுக்கு நடுவே என் பிள்ளை மட்டும் அடுப்பைத் துடைத்த துணி மாதிரி. சாமியார் நன்மை கொடுக்கும்போது அவளுக்கு இருமல் வந்து, வாயில் வாங்கியதை வெளியே துப்பிவிடுவேனோ என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்தேன் எட்வர்டு. எனக்கு அழுகை வரவில்லை. வாந்திதான் வந்தது.

நீ புகார், கையெழுத்து என்கிறாய். நான் ஒரு கதவு கேட்கிறேன். அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் நீ தலையிடாதே. உன் கையில் இருப்பது கதவு. அதைப் போடு. பக்கத்திலேயே இரண்டாவது கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அதுவும் உன் படம்தானாம். அதிலும் அதே ஓட்டையா?

அக்கா


புனே
3.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஏஞ்சலினை நினைத்தால் எனக்கும் ஆறவில்லை. அவளுக்கு நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு.

ஒரு விஷயம் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். நம் கட்டடம் கரியமில வாயுவைக் குறைத்த மலிவு வீடு என்று ஒரு விருதுக்கு வந்திருக்கிறது. ஜூலையில் நடுவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். இப்போது கதவு போட்டால் காற்றோட்டக் கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும், பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அவர்கள் வந்து போகட்டும். அதன் பிறகு கதவுக்கு நானே பேசுகிறேன்.

அன்று மட்டும் பேனரை அவிழ்த்துவிடு. உன் தம்பிக்காக.

மாமாவைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நீ ஒரு வரியும் எழுதுவதில்லை. என் மேல் கோபமா அவருக்கு?

எட்வர்ட்


கும்மிடிப்பூண்டி
21.7.2024

அன்புத் தம்பிக்கு,

மரியே வாழ்க. நாங்கள் நலம் என்று எழுதினால்தான் கடிதம் மாதிரி இருக்கும். எழுதிவிட்டேன்.

உன் நடுவர்கள் வந்து போனார்கள். அன்புசெல்வன் ஒரு வாரம் முன்பே ஆள் வைத்து மொட்டைமாடி ஓடுகளை ஆசிட் ஊற்றித் தேய்த்தார். அதற்கு மட்டும் தண்ணீர் இருந்தது. மாடிப்படி நெடுகிலும் பூந்தொட்டி. ஒரு பிள்ளை ஒரு செம்பருத்தியைப் பறித்ததற்கு, வாடகைக்கு எடுத்த தொட்டி என்று அவர் அடிக்கப் போனார். வீடு வீடாக வந்து ஃப்ளெக்ஸ், கோணி, அட்டை எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னார். உன் படத்தை நானே அவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

அன்றைக்கு என்னவோ காற்று பூப்போல இருந்தது. முந்தின ராத்திரியும் ஒரு பொட்டுக் கரி இல்லை. நினைத்தால் முடிகிறது பார்.

நடுவர்களில் காதி புடவை கட்டிய ஒரு அம்மாள் என் வீட்டுக்குள் வந்தார்கள். சுவரைத் தடவிக் கையைப் பார்த்துக்கொண்டார்கள். சுத்தமாக இருந்தது, கழுவியிருந்தேனே. ஏஞ்சலின் வாயைத் திறந்துவிடுவாள் என்று அவளைக் கன்னியம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். காற்று வருகிறதா என்று அந்த அம்மாள் கேட்டார்கள். "நல்லா வருதுங்க, ஃபேனே போடறதில்ல" என்றேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. எனக்கு அவர்கள் கையை உதற வேண்டும்போல இருந்தது. என் நாக்கையே வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்போல இருந்தது.

உனக்காகச் சொன்ன பொய் அது. கதவு எப்போது வரும்?

ஹெலன் அக்கா


புனே
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. எல்லாரும் நலமா? நல்ல சேதியோடு எழுதுகிறேன்.

விருது கிடைத்துவிட்டது. உன் கையைப் பிடித்த போட்டோவைத்தான் மேடையில் பெரிதாகப் போட்டார்கள். சந்தோஷப்பட முடியவில்லை அக்கா. பின்னால் தெரிந்த சுவரைக் கம்ப்யூட்டரில் இன்னும் வெளுப்பாக்கியிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒருவர் என்னிடம், கும்மிடிப்பூண்டி கடற்கரை ஊரா என்று கேட்டார். எழுந்து போய்க் கை கழுவினேன்.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். நீங்கள் செய்யாததை நானே செய்துவிட்டேன். அந்த ஆலை மேல் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குப் புகார் எழுதி, உன் மூன்று கைக்குட்டைகளையும் உறையில் போட்டு அனுப்பினேன். எந்த வீடு என்று கேட்பார்களே என்று உன் வீட்டு எண்ணையும் எழுதினேன். இனி ஃபில்டர் ஓடும். காற்று சுத்தமானால் கதவுக்கே வேலை இல்லை. ஏஞ்சலின் நிம்மதியாகத் தூங்குவாள்.

மாமாவிடம் சொல். மச்சினன் வெறும் படம் வரைகிறவன் இல்லை என்று.

அன்புத் தம்பி,
எட்வர்ட்


கும்மிடிப்பூண்டி
15.9.2024

எட்வர்டுக்கு,

உன் மாமா காட்டுப்பள்ளிக்குப் போவது நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒப்பந்தம் முடிந்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இரும்பு ஆலையில்தான் சேர்ந்தார். ஃபில்டர் மோட்டார் பக்கம் வேலை. ராத்திரியில் சூப்பர்வைசர் போன் செய்வார், இவர் நிறுத்துவார். விடியுமுன் போன் வரும், ஓட்டுவார். எனக்கு முதல் நாளிலிருந்து தெரியும்.

இந்த வீடு நீ சொல்லிக் கிடைத்ததில்லை. தொழிற்பேட்டை ஆலைகளுக்குப் பங்கு பங்காகப் பிரித்துக் கொடுத்த வீடுகள் இவை. அந்த ஆலையின் பங்கில் யேசுதாஸ் என்ற உன் மாமா பெயருக்கு விழுந்தது. வேலை இருக்கிறவரை வீடு. நீ அக்காவுக்கு வீடு வாங்கிக் கொடுத்தேன் என்று அத்தனை பெருமையாக எழுதினாய். அதைப் போய் ஏன் உடைப்பானேன் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் அவர் வேலையைப் பற்றி எழுதவில்லை. அதனால்தான் உன்னைத் தலையிடாதே என்றேன்.

உன் புகாரை எடுத்துக்கொண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஆலையில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மேஜை மேல் மூன்று கைக்குட்டைகளை விரித்தார்களாம். ஓரத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் மூலை திருப்புகிற இடத்தில் இரட்டைத் தையல் போடுவேன், அவர் கர்சீப்பிலும் அதுதான். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, ஆபரேட்டர் தானாக அசட்டையாக நிறுத்திவிட்டார் என்று ஆலை எழுதிக் கொடுத்தது. அவரை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். உலையைச் சில நாள் மூடியதில் இந்தக் கட்டடத்தில் பாதி ஆண்களுக்குக் கூலி போயிற்று. வீட்டு எண் எல்லாருக்கும் தெரியும். கன்னியம்மா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மாத முடிவுக்குள் காலி பண்ணச் சொல்லி அன்புசெல்வன் சொல்லிவிட்டார்.

உன் மாமா என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ராத்திரில மோட்டார நிறுத்தறது நானு. காலைல கரியத் தொடைக்கறது நீ. நடுவுல உன் தம்பிக்கு இன்னா வேல?"

புதுநன்மைக்கு முந்தின நாள் அவரிடம்தான் கெஞ்சினேன். போன் வந்தால் எடுக்காமல் இருந்துவிடுகிறேன் என்றுதான் போனார். சூப்பர்வைசர் நேரிலேயே வந்து நின்றுவிட்டாராம். தன் பிள்ளை கவுன் மேல் தானே கரியைக் கொட்டிவிட்டு வந்து, மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வந்தார். அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்தக் கை கொண்டுவந்ததைத்தானே நானும் உலை வைத்தேன் என்று என் மேலேயும் அருவருப்பு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே உன் மேல்தான் எட்வர்டு.

அக்காவும் தம்பியுமாகத் திட்டிக்கொள்ள அனுப்பிய துணி அது. அதைக் கொண்டுபோய் மேஜையில் விரித்துவிட்டாய். ஏஞ்சலினுக்காகச் செய்தேன் என்று எழுதாதே. ஒரு கதவு போட்டிருந்தால் அவள் தூங்கியிருப்பாள். கதவு போட்டால் உன் படத்தில் தப்பு என்று ஆகிவிடும். தப்பு காற்றில்தான், சுவரில் இல்லை என்று காட்டத்தான் எழுதினாய். அதுவும் விருதை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு எழுதினாய்.

ஹெலன்


புனே
6.10.2024

அக்கா,

எத்தனை முறை ஆரம்பித்துக் கிழித்தேன் என்று எனக்கே தெரியாது. எங்கே இருக்கிறாய் என்று எழுது. போன் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

மாமாவைப் பற்றித் தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, அதை விடு.

நீ சொன்னது உண்மை. கதவுக்காக நான் அன்றும் பேசவில்லை, விருதுக்குப் பிறகும் பேசவில்லை. இப்போது பேசினேன். இரண்டாவது கட்டடத்தில் கிழக்குச் சுவருக்கு மடக்குக் கதவு போடப் படத்தைத் திருத்திவிட்டேன். ஒத்துக்கொண்டார்கள். அதில் உனக்கு ஒரு வீடு கேட்கட்டுமா? இந்த முறை நிஜமாகவே என்னால் முடியும்.

ஏஞ்சலின் எப்படி இருக்கிறாள்? அதை மட்டுமாவது எழுது.

எட்வர்ட்


கவரைப்பேட்டை
8.12.2024

எட்வர்டுக்கு,

கேட்டதற்குப் பதில். ஏஞ்சலின் படுத்துத் தூங்குகிறாள். வீசிங் இல்லை. இங்கே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் சீட்டு வீடு. பகலில் தலை கொதிக்கும். நீ பார்த்தால் இப்படியும் கட்டுவார்களா என்று மூக்கைச் சுளிப்பாய். ஒரே ஒரு ஜன்னல். பலகைக் கதவு, தாழ்ப்பாள் இருக்கிறது. சாத்தினால் சாத்திக்கொள்கிறது. உன் மாமா ரோட்டோரத்தில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் செய்கிறார். எங்களுக்கு வீடு கேட்க வேண்டாம்.

உன் மடக்குக் கதவைப் பார்த்தேன். தொழிற்பேட்டை வாசலில் இரண்டாவது கட்டடத்துக்குப் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். வாழ்வோர் விருப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் புதுமைச் சுவர் என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் அந்த அம்மாள் என் கையைப் பிடித்த போட்டோ. பஸ் அங்கே நின்றது. ஒரு பெண் என் முகத்தையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன்.

போன வாரம், காலி பண்ணும்போது விட்டுவந்த என் தையல் மெஷினை எடுத்துவரப் பழைய வீட்டுக்குப் போனேன். அங்கே இப்போது ஆகாஷ், சத்யா என்று ஒரு இளம் ஜோடி குடியிருக்கிறது. உன் மாமா பார்த்த அதே வேலைதான் அந்தப் பையனுக்கு. அதிகாரிகள் வந்து போனதும் ஃபில்டர் ஒழுங்காக ஓடியதாம், கொஞ்ச நாளில் ராத்திரி போன் மறுபடி வர ஆரம்பித்துவிட்டதாம். சத்யாவுக்கு ஏழு மாதம். தரையைத் துடைத்துத் துடைத்துக் கை கறுத்துப்போய் இருந்தாள். அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும், சோப்புக்குப் போகாது. நல்ல பெண். அந்த முகவரிக்கு வந்த உன் கடிதத்தை எனக்காக எடுத்து வைத்திருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். மேலே மிதந்ததைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன்.

பேனரைக் கட்டிவிட்டுத்தான் நான் காலி பண்ணியிருந்தேன். அது அப்படியே இருந்தது. சத்யா ஒரு முனையை அவிழ்த்துத் திருப்பி, ஈரத்துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தாளாம். கோட்டும் டையும் கொஞ்சம் தெரிந்தது, முகம் வரவில்லை. பெரிய மனுஷன் யாரோ, கழற்றிப் போட்டால் தப்பாகிவிடுமோ என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "இது யாரு அக்கா, உங்குளுக்குத் தெரிஞ்சவரா" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. ஓட்டைக்கு சரியா கீது, கயட்டாத" என்று சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஹெலன்